முந்தானையும் பின்சக்கரமும்

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டி, இடப்பக்கத்தில் ஒரு கம்பி வளைவு இருக்கும். நம் ஊரில் அதற்குச் 'சாரி கார்டு' என்று பெயர். புது வண்டி எடுக்கும் பையன்கள் பலர் முதல் வாரத்திலேயே அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். வண்டியின் அழகைக் கெடுக்கிறதாம். அதை அங்கே வைக்கச் சொன்னது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்வைக்க இடமும் தரவேண்டும், அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்கவேண்டும் என்று மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு 123ஆவது விதி சொல்கிறது.

விதியில் பெண் என்ற சொல் இல்லை, புடவை என்ற சொல்லும் இல்லை. ஆனால் சக்கரத்தில் சிக்கும் அளவுக்கு நீளத் துணி உடுத்தி, ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வருபவர் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சட்டம் புடவை கட்டிய பெண்ணை வண்டியில் பார்த்திருக்கிறது. பின்இருக்கையில் பார்த்திருக்கிறது. அதே பெண் கைப்பிடியைப் பிடித்து, தானே ஓட்டி, வேலைக்குப் போவாள் என்பது அந்த வரிகளை எழுதியவர்களின் கண்ணில் படவில்லை. இந்தக் கட்டுரை அந்த முன்இருக்கைப் புடவையின் வரலாறு.

தேரோட்டாத பெண்கள்

எங்கள் சங்கராபுரத்திலிருந்து கிழக்கே போனால் திருக்கோவிலூர். மலையமான் திருமுடிக்காரியின் ஊர். தேர்க்கொடைக்குப் பேர்போனவன் அவன். அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். இந்த மண்ணில் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு குதிரையின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் குதிரையையோ அவன் கொடுத்த தேர்களையோ ஒரு பெண் ஓட்டியதாக ஒரு பாட்டும் எனக்குத் தெரியாது. அகப்பாடல்களில் தேர் வரும் வழியெல்லாம் அழகாக இருக்கும், மணியோசை கேட்கும். வருபவன் தலைவன், வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவள் தலைவி.

பனங்கருக்கால் செய்த பொய்க்குதிரையான மடலில்கூடப் பெண் ஏறக்கூடாது என்று தொல்காப்பியம் விலக்கி வைத்தது. பெண்ணோடு கடல்பயணம் இல்லை என்றும் அது சொல்கிறது. பல நூற்றாண்டு கழித்துத் திருமங்கையாழ்வார் பெரிய திருமடலில், பெண்ணின் குரலில் நின்று, அந்தத் தென்மொழி வழக்கை ஏற்கமாட்டேன் என்று மடலேறத் துணிகிறார். தமிழ் இலக்கியத்தில் பெண் ஒரு வாகனத்தின்மேல் உரிமை கேட்ட இடம் என்று அதை என் மாணவிகளுக்குச் சொல்வதுண்டு. அந்தக் குரலை எழுதியவரும் ஆண்தான் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

வலை பின்னிய சைக்கிள்

சாரி கார்டுக்கு ஒரு பாட்டி உண்டு. 1885இல் இங்கிலாந்தில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள 'ரோவர்' சைக்கிள் வந்தது. சில ஆண்டுகளிலேயே பெண்களுக்கென்று நடுக்கம்பியைத் தாழ்த்திய சைக்கிள்கள் வந்தன. நீளப் பாவாடை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் மேல் நூல்வலை பின்னிக் கட்டினார்கள். நம் ஊர் லேடீஸ் சைக்கிளும் அந்த வழியில் வந்ததுதான். கவனிக்கவேண்டியது ஒன்று: அந்த வலை ஓட்டும் பெண்ணுக்காகக் கட்டப்பட்டது. நூறாண்டு கழித்து நம் விதிப்புத்தகத்தில் அது இடம்பிடித்தபோது, ஓட்டுபவளைவிட்டு, பின்னால் உட்காருபவளின் காவலாக மாறிவிட்டது.

அங்கேயும் பெண்களுக்கு அது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1898இல் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிள் ஓட்ட வசதியான அகன்ற காற்சட்டை அணிந்து சர்ரே பகுதியில் ஒரு விடுதிக்குப் போனார். அந்த உடையோடு உணவுக்கூடத்தில் உட்கார அனுமதிக்கவில்லை. வழக்கு நடந்தது, அடுத்த ஆண்டு அவர் பக்கம் தோற்றது. பாரிசில் 1800ஆம் ஆண்டிலிருந்தே பெண்கள் அனுமதியின்றி ஆண்உடை அணிய போலீஸ் தடை இருந்தது. 1892இலும் 1909இலும் அதைச் சற்றுத் தளர்த்தினார்கள். குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் கைப்பிடியோ கையில் இருந்தால் கால்சட்டை போடலாம். அதாவது வண்டியைவிட்டு இறங்கினால் குற்றவாளி. அந்தப் பழைய ஆணை செல்லாது என்று பிரான்ஸ் அரசு வெளிப்படையாகச் சொன்னது 2013இல்.

இது அழகு, அடக்கம் பற்றிய சண்டை மட்டுமல்ல, உயிர் பற்றியது. நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பரில் நீஸ் நகரத்தில் இறந்தது, கழுத்தில் சுற்றியிருந்த நீளத்துணி காரின் சக்கரத்தில் சிக்கியதால். அந்தச் சாவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம் சாலைகளில் துப்பட்டா சிக்கி விழுந்த பெண்களின் செய்தி ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. அங்கேயும் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் தவறாமல் இருக்கும்.

'முறையான' புடவை

எது பண்பாட்டு உடை என்று பேசும்போது, புடவை ஒன்றே ஒன்று என்பதுபோலப் பேசுகிறோம். முன்னால் கொசுவம் வைத்து, உள்பாவாடையும் ஜாக்கெட்டும் போட்டு, இடது தோளில் முந்தானை விட்டுக் கட்டும் முறை இந்தியா முழுவதும் படித்த பெண்ணின் பொதுஉடையாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி பம்பாயில் பார்சிப் பெண்களிடம் பார்த்ததைத் தன் வங்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது இந்தக் கதையில் முக்கியமான திருப்பம். வெளியுலகுக்கு வரும் பெண்ணுக்கு ஒரு உடை தேவைப்பட்டது, அவர் அதற்கு வழி செய்தார். அந்த வகையில் அது அன்றைக்குப் புதுமை, விடுதலையும்கூட.

நம் பக்கத்துப் பாட்டிகளோ பின்கொசுவம் வைத்துக் கட்டினார்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கும், நாற்று நடவும் கரும்புச் சோகை உரிக்கவும் ஏற்றது. மராட்டியப் பெண்கள் ஒன்பது கஜத்தைக் கால்களுக்கிடையே வாங்கிக் கட்டினார்கள். இரண்டு கால்களும் தனித்தனியாக இயங்கும். உழைக்கும் உடம்பும் நடக்கும் உடம்பும் கண்டுபிடித்த கட்டுகள் இவை. அலுவலகமும் கல்லூரியும் 'முறையான உடை' என்று தேர்ந்தெடுத்தது இவற்றில் எதையும் அல்ல, நாற்காலியில் உட்காரும் உடம்புக்கான கட்டை.

புதுக்கோட்டையும் 'எட்டு' போட்ட பெண்களும்

தமிழ்நாட்டில் பெண்கள் கூட்டமாக முன்இருக்கைக்கு வந்த இடம் புதுக்கோட்டை. மாணவர்களின் கண்ணில் படாமல் திரைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து மகாராஜா கல்லூரியில் படித்தார் முத்துலட்சுமி ரெட்டி. அதே ஊரில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு 1,500க்கும் மேற்பட்டவர்கள் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே பெண்கள் ஓட்டினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். உடையை மாற்றிக்கொண்டு வா என்று அங்கே யாரும் அவர்களுக்கு நிபந்தனை வைக்கவில்லை. தாவணியோடும் புடவையோடும் ஓட்டினார்கள்.

எஞ்சின் வண்டி மெதுவாகத்தான் வந்தது. 1972இல் லூனா, 1980இல் டிவிஎஸ் 50, 1984இல் கியர் இல்லாத கைனடிக் ஹோண்டா, 90களின் நடுவில் ஸ்கூட்டி. இவற்றில் கால்வைக்கும் இடம் தட்டையாக இருந்த வண்டிகள்தான் புடவைக்கு வழிவிட்டன. கொசுவத்தைத் திரட்டி முழங்கால்களுக்கு நடுவில் அந்தத் தட்டில் அடக்கலாம். ஸ்கூட்டி என்பது எங்கள் ஊரில் நிறுவனப் பெயராக இல்லாமல் பெண்கள் ஓட்டும் வண்டிக்கெல்லாம் பொதுப்பெயராக ஆனதற்குக் காரணம் அந்தத் தட்டுத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் விளம்பரங்களில் அதை ஓட்டிய பெண்கள் பெரும்பாலும் ஜீன்ஸ் போட்டவர்கள்.

2018 பிப்ரவரி 24இல் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். லைசென்ஸ் கட்டாயம் என்பதால் 'எட்டு' போட்டுக் காட்டப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டு வண்டி என்றாலே அப்பா பெயரில், கணவன் பெயரில் என்றிருந்த இடத்தில் ஆர்.சி. புத்தகத்தில் பெண்ணின் பெயர் ஏறியது. அந்தத் திட்டம் பிறகு நின்றுபோனது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அது பெரிய விஷயம், மறுக்கமுடியாது. ஆனால் பஸ் வராத நேரத்துக்கும் பஸ் போகாத ஊருக்கும் அது பதில் அல்ல.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமானது. அதற்கு முன் ஆட்சியர் அலுவலகம் என்றால் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறவேண்டும். இப்போது சங்கராபுரத்துப் பெண் தன் வண்டியிலேயே போய் வேலை பார்த்துத் திரும்பும் தூரத்தில் அலுவலகங்கள் இருக்கின்றன. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு என்று பள்ளிகளுக்குக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறிப்போகும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். புடவையில்தான் போகிறார்கள்.

ஊக்குகளின் அறிவு

நானும் அப்படிப் போகிறவள்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு 15 ஆண்டுகளாக வண்டியில் போய்வருகிறேன். சாலையில் அறுவடைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் போகும், தை மாசியில் தார்மேல் மக்காச்சோளம் காயும். முந்தானையை முதுகுப்பக்கமாகச் சுற்றி வலது இடுப்பில் செருகவேண்டும். தோளில் ஒரு ஊக்கு, கொசுவத்துக்கு ஒன்று, செருகிய நுனிக்கு ஒன்று. வழுக்கும் சிந்தெடிக் கூடாது, பருத்தி நிற்கும். உள்பாவாடைக்குப் பதில் லெகிங்ஸ் போட்டால் கால் தரையில் ஊன்றத் தடையில்லை. கொண்டை உயரமாக இருந்தால் ஹெல்மெட் உட்காராது, பின்னலைத் தாழ்த்த வேண்டும். இதெல்லாம் எந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. ஓய்வறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்னது. போகிற வழியில் முகம் தெரியாதவர்கள்கூட "அக்கா, முந்தானை!" என்று கத்திவிட்டுப் போவார்கள். அந்தக் குரல்கள் எத்தனை உயிரைக் காத்தன என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒருமுறை நிர்வாகத்திடம் சுடிதாருக்கு அனுமதி கேட்டோம். மாணவிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் வித்தியாசம் தெரியவேண்டாமா என்று பதில் வந்தது. சில தனியார் கல்லூரிகளில் புடவைக்கு மேல் ஓவர்கோட்டும் போடவேண்டும். ஆண் ஆசிரியர் எந்தப் பேண்ட் சட்டையில் வகுப்பெடுக்கிறாரோ அதிலேயே வண்டியை உதைத்துக் கிளம்புகிறார். அவருக்கு வேலையுடையும் பயணவுடையும் ஒன்றுதான்.

தமிழக அரசு 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட ஆணை புடவையோடு சல்வார் கமீஸ், சுடிதாரையும் ஏற்றது, துப்பட்டாவோடு. காற்றில் பறந்து சக்கரத்தைத் தேடிப்போகும் துணி எதுவோ அதுவே கட்டாயம். கேரளத்தில் 2021 நவம்பரில் உயர்கல்வித் துறை, ஆசிரியைகளிடம் புடவையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வசதியான உடையில் வரலாம் என்று தெளிவாகச் சொன்னது. அப்போதைய அமைச்சர் ஆர். பிந்துவே கல்லூரி ஆசிரியையாக இருந்தவர். விதியை எழுதுமிடத்தில் அந்த விதியை உடுத்தியவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

தலைக்கவச விஷயத்திலும் இதே மனப்பாங்கைப் பார்க்கலாம். டில்லியில் 1999இல் பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை என்று விதியைத் திருத்தினார்கள். 2014இல்தான், சீக்கியப் பெண்கள் தவிர மற்றவர்களுக்கு, மீண்டும் கட்டாயமாக்கினார்கள். 15 ஆண்டுகள் ஒரு தலைநகரத்தில் பெண்ணின் மண்டைஓடு விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. உடை என்றால் கட்டாயம், உயிர்க்காப்பு என்றால் சலுகை.

புடவை எனக்குப் பிடிக்கும். விருப்பப்பட்டு வாங்குகிறேன், கட்டுகிறேன். ஓட்டக்கூடாத உடை அது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், லட்சக்கணக்கான பெண்கள் தினமும் ஓட்டிக்காட்டுகிறார்கள். கேள்வி வேறு. உடைவிதி எழுதுபவர்கள் வேலைநேரம் வருகைப்பதிவேட்டில் கையெழுத்திடும்போது தொடங்குவதாக நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் 20 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. வண்டி செய்பவர்கள் அந்தச் சாலையில் புடவையோடு ஓட்டுபவளை வைத்து வண்டியைச் சோதிக்கவேண்டும். நிர்வாகங்கள் துப்பட்டா இல்லாத சுடிதாரையும் பேண்ட் சட்டையையும் ஆசிரியைக்கு உரிய உடையாக எழுத்தில் ஏற்கவேண்டும். 123ஆவது விதி ஓட்டுபவளின் துணியையும் கணக்கில் எடுக்கவேண்டும். அதுவரை அந்த வேலையைப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கும் ஊக்கு அட்டைதான் செய்துகொண்டிருக்கும்.