மறுபடி முளைக்கும் கல்லீரல் புற்று: ஒரு சின்ன வரலாறு

கல்லீரல் புற்றுக் கட்டியை ஆபரேஷனில் முழுசா எடுத்தாலும், 5 வருஷத்துக்குள் சுமார் 70 சதவீதம் பேருக்கு அது திரும்பி வந்துவிடுகிறது. ஏன்? கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஏற்கனவே கல்லீரலுக்குள் பரவியிருக்கலாம். அல்லது ஹெபடைடிஸாலோ மதுவாலோ தழும்பேறிய மீதிக் கல்லீரலிலேயே புதுக் கட்டி முளைக்கலாம். அதிகமா வெட்டினால் கல்லீரல் செயலிழக்கும், குறைவா வெட்டினால் புற்று மிஞ்சும். டாக்டர்களுக்கு இதுதான் சிக்கல்.

ஹெபடைடிஸ் அதிகமிருந்த சீனாவும் ஜப்பானும்தான் இதில் முன்னால் போயின. 1970களில் ஷாங்காயில் டாங் ஜாவ்யோ என்ற சர்ஜன், ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையை வைத்து, அறிகுறி தெரியும் முன்பே சின்னக் கட்டிகளைக் கண்டுபிடித்தார். ஆபரேஷனுக்கு அப்புறமும் அதே பரிசோதனையைத் தொடர்ந்தார். அளவு ஏறினால் தேடிப் பார்த்து, மறுபடி ஆபரேஷன். 'திரும்பி வந்தால் அவ்வளவுதான்' என்ற எண்ணம் இங்கேதான் ஆட்டம் கண்டது.

வெட்ட முடியாதவர்களுக்கு? கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால்வாசி போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. ஆனால் புற்றுக் கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வளரும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார் ஒசாகாவின் யமடா. தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்தைக் கொடுத்து, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தார். 120 நோயாளிகளின் விவரத்தை 1983ல் வெளியிட்டார். அதே வருஷம் சிபா பல்கலைக்கழகத்தினர், ஸ்கேன் பார்த்தபடியே கட்டிக்குள் ஊசி வழியாக ஆல்கஹால் செலுத்தும் முறையைச் சொன்னார்கள். 1990களில் ரேடியோ அலையால் கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் முறை வந்தது.

இவற்றைச் சேர்த்துச் செய்வதற்கும் காரணம் இருக்கு. பக்கத்தில் ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் ரத்தத்தை அடைத்துவிட்டுச் சுட்டால், இன்னும் பெரிய பகுதி வேகும்.

1990களின் தொடக்கத்தில் லேப்ராஸ்கோபி கல்லீரலுக்கும் வந்தது. எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்று 2008ல் லூயிவில்லிலும் 2014ல் மோரியோகாவிலும் நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். துளை சின்னது என்பதால் வயிற்றுச்சுவரின் ரத்தக்குழாய்கள் அதிகம் அறுபடாது, வயிற்றில் நீர் கோர்ப்பதும் குறையும். உள்ளே ஒட்டுகள் குறைவதால், அடுத்த ஆபரேஷன் வேண்டியிருந்தால் அதுவும் கொஞ்சம் சுலபம்.

ஆபரேஷனுக்குப் பிறகு சோராஃபெனிப் மாத்திரை கொடுத்துத் திரும்பி வருவதைத் தடுக்கலாமா என்று ஒரு பெரிய ஆய்வு பார்த்தது. 2015ல் வந்த முடிவு: பலனில்லை. அதனால் இன்றைக்கும் ஆபரேஷன் முடிந்தவருக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று கண்காணிப்பு தொடர்கிறது. சின்னதாக இருக்கும்போதே பிடித்தால்தான், மேலே சொன்ன வழிகளில் ஏதாவது ஒன்று கைகொடுக்கும்.