கண் கண்டதும் ஏடு சொன்னதும்



செய்யுள் கற்பிக்கும்போது, "உரையாசிரியர் இப்படித்தான் கூறுகிறார்" என்று சொல்லி மாணவனின் ஐயத்தை அடக்கிவிடும் வழக்கம் என்னிடமும் உண்டு. நிணநீரின் வரலாற்றைப் படித்த பின்னர் அவ்வாறு சொல்ல நாக் கூசுகின்றது.

1622 ஆம் ஆண்டு, ஜூலை மாதம். இத்தாலிய மருத்துவர் கஸ்பாரே அசெல்லி, உயிருள்ள நாயொன்றை அறுத்து நண்பர்களுக்கு நரம்புகளைக் காட்டிக்கொண்டிருந்தார். குடலைத் தாங்கும் சவ்வெங்கும் வெண்ணிற இழைகள் ஓடின. அவற்றையும் நரம்புகளென்றே முதலில் எண்ணினார். ஒன்றைக் கீறியதும் பால்போன்ற நீர் கசிந்தது. மறுநாள் வேறொரு நாயை அறுத்தபோது இழைகளைக் காணவில்லை. முதல் நாய் உண்டிருந்தது; இரண்டாவது உண்ணாதது. உணவின் கொழுப்பே இழைகளை வெளுப்பித்தது என்பதை இன்று அறிவோம்.

அவை எங்கே செல்கின்றன? உணவின் சாரம் ஈரலை அடைந்தே இரத்தமாகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் எழுதி 1400 ஆண்டுகள் கடந்திருந்தன. அசெல்லியும் ஈரலுக்கே என்றார். புதியதைக் கண்டது கண்; அதற்கு உரை சொன்னதோ பழைய ஏடு!

1651 இல் பிரான்சின் ஜான் பெக்கே உண்மையை வெளியிட்டார். வெண்ணீர் ஈரலை நாடாமல், நெஞ்சினூடாக மேலேறி, கழுத்தடியிலுள்ள நாளத்தில் இரத்தத்துடன் கலந்தது. அடுத்த ஈராண்டுகளில் சுவீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் தெளிந்த நீரோடும் குழாய்களை உடலின் பிற பகுதிகளிலும் கண்டனர். முதலிற் கண்டவர் யார் என்ற பூசலும் எழுந்தது. அரியணை இழந்த ஈரலுக்குப் பார்த்தோலின் வேடிக்கையாகக் கல்லறை வாசகமே எழுதினார்.

மயிர்த்துளைக் குழாய்களிலிருந்து இழையங்களிற் கசிந்து மிஞ்சும் நீரே நிணநீராகிறது. அதனைத் தள்ள இதயம் போன்றதோர் உறுப்பு நமக்கில்லை. குழாய்ச்சுவரின் சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சும் அதனை நகர்த்துகின்றன. வால்வுகள் பின்னோடாது தடுக்கின்றன. நாள்தோறும் சில லீற்றர் நீர் இவ்வாறு இரத்தத்துக்கு மீள்கிறது. நுளம்பு பரப்பும் புழுக்கள் இக்குழாய்களிற் குடியேறிப் பழுதாக்கினால் கால் வீங்கும். அதுவே யானைக்கால் நோய். இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிக்கப்பட்டதென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

கேலன் பேரறிஞரே, அவரை மதித்ததும் பிழையன்று. ஆயினும், இனி ஒரு மாணவன் எழுந்து, "சேர், செய்யுளிலே அப்படி இல்லையே!" என்றால், உரையைச் சற்று மூடிவைத்துவிட்டு, அவனோடு சேர்ந்து செய்யுளை மீண்டும் படிப்பதென்று எண்ணியிருக்கிறேன்.