வாயு ஹைட்ரேட் அடைப்பும் பாலிமர் தடுப்பான்களும்

வாயு ஹைட்ரேட் என்பது, நீர் மூலக்கூறுகள் தம்முள் இணைந்து கட்டும் கூண்டுகளில் மீத்தேன் முதலிய வாயுக்கள் சிறைப்பட்டு உண்டாகும், பனிக்கட்டியை ஒத்த திடப்பொருளாகும். போதிய அழுத்தம் இருப்பின், நீரின் உறைநிலைக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும் இது உருவாகும். 4 பாகை செல்சியஸில் மீத்தேனுக்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 40 மடங்கே போதுமானது.

1810இல் ஹம்ப்ரி டேவி குளோரின் ஹைட்ரேட்டை அறிந்து கூறிய பின்னும், நூறாண்டுக்கு மேலாக இது ரசாயன சாலையின் விநோதமாகவே இருந்துவந்தது. அமெரிக்க எரிவாயுக் குழாய்களை அடைத்தது வெறும் பனிக்கட்டியன்று, ஹைட்ரேட்டே என்று 1934இல் ஹாமர்ஷ்மிட் நிரூபித்தபின், இது தொழில் துறையின் பிரச்சினையாயிற்று. அடைப்பின் ஒரு புறத்தில் மட்டும் அழுத்தத்தைத் தணித்தால், மறுபுறத்து வாயு அக்கட்டியைப் பீரங்கிக் குண்டுபோல் உந்தித் தள்ளிக் குழாயையே பிளந்துவிடக் கூடுமாதலால், இரு புறமும் சமமாகத் தணித்து, அது கரையும்வரை பொறுத்திருப்பதே விவேகமான முறையாகும்.

வருமுன் காக்க, மெத்தனாலும் கிளைக்காலும் பயன்பட்டன. இவை ஹைட்ரேட் உண்டாகும் உஷ்ணநிலையையே தாழ்த்துவன. எனினும், நீரின் அளவில் பெரும் பங்காகவே சேர்க்கப்பட வேண்டியவை. 2009 ஏப்ரலில் வாயு தரத் தொடங்கிய கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் கே.ஜி.–டி6 வயலில், கடலடிக் கிணறுகளில் செலுத்தப்படும் கிளைக்கால், காக்கிநாடாவை அடுத்த காடிமொகா கரை நிலையத்தில் நீர் நீக்கப்பெற்று, மீண்டும் கிணறுகளுக்கே அனுப்பப்படுகிறது.

1990களில் கொலராடோ சுரங்கக் கல்லூரியில் சுலோன் குழுவினர் ஆராய்ந்த பாலிவினைல் பிரோலிடோன் வேறொரு வழியைத் திறந்தது. பின்னர் அதனினும் வலிய பாலிவினைல் காப்ரோலாக்டம் வந்தது. நீரில் ஒரு சதவீதத்தை ஒட்டிய சிற்றளவிலேயே இப்பாலிமர்கள் படிகத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் தாமதப்படுத்துகின்றன. மற்றொரு வகை ரசாயனங்களோ, படிகங்களைப் பிறக்கவிட்டு, அவை ஒன்றுதிரளாதபடி எண்ணெயில் மிதக்கவைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஹைட்ரேட் தடுப்பான்கள் ஆராயப்பட்டு வருகின்றன.

ஆயினும் பாலிமர் தருவது அவகாசமே, அபயமன்று. குளிர் மிகும்போது அதன் ஆற்றல் குன்றும். இப்பாலிமர்களுட் பல கடல்நீரில் எளிதில் மட்குவதுமில்லை. வாயு குழாயைக் கடக்கும் காலத்தினும் அத்தாமதம் நீளும் இடங்களில் மட்டுமே கிளைக்காலின் இடத்தைப் பாலிமருக்குத் தருதல் தகும்.