பூட்ஸுக்குப் பின்னால் இருந்த கடுக்காய்

கள்ளக்குறிச்சியிலேர்ந்து பைக்ல கல்வராயன் மலை ஏறினவங்களுக்குக் கரியாலூர் தெரிஞ்சிருக்கும். படகுல ஒரு சுத்து, பக்கத்துல ரெண்டு அருவி, சாயங்காலம் கீழே. ஆனா இந்த மலையோட பழைய சரக்கு ஒண்ணு இருக்கு: கடுக்காய். நமக்கு அது நாட்டு மருந்துக் கடையில வாங்குற பொருள். நூறு வருஷத்துக்கு முன்னாடி அதை மூட்டை மூட்டையா வாங்கினவங்க வேற ஆளுங்க, தோல் பதனிடுறவங்க.

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு பூட்ஸ் வேணும். பூட்ஸோட மேல்பகுதிக்கு பிரிட்டிஷ் ராணுவம் நம்பினது மெட்ராஸ் மாகாணத்துல பதனிட்ட மாட்டுத் தோலை. லண்டன் சந்தையில அதுக்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்'னு பேரு. 1916லேர்ந்து அந்தத் தோலை அரசாங்கமே வாங்க ஆரம்பிச்சது. அதாவது, ஒரே ஒரு வாடிக்கையாளர், எவ்வளவு கொடுத்தாலும் போதாத ஆர்டர்.

சிக்கல் என்னன்னா, தோலை அவசரப்படுத்த முடியாது. முடி நீக்கின தோலை ஆவாரம்பட்டை ஊறின தொட்டியில போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, வாரக்கணக்கில் காத்திருக்கணும். ஆவாரை நம்ம ஊர்ல சாலையோரம் மஞ்சளா பூக்குற அதே செடிதான். ஆர்டர் கூடினதும் பட்டைக்குத் தட்டுப்பாடு, விலை ஏற்றம். செடி வளர்ந்து பட்டை உரிக்கிற பதத்துக்கு வர சில வருஷம் ஆகும். போர் அதுவரைக்கும் காத்திருக்குமா?

கடுக்காய் வர்றது கடைசிக் கட்டத்துல. ஆவாரம்பட்டையில மட்டும் பதனிட்ட தோல் தொட்டியிலேர்ந்து எடுக்கும்போது நல்லாத்தான் இருக்கும். வெளிச்சம் படப்பட சிவந்து போகும். கடுக்காய்த் தண்ணியில ஒருமுறை ஊறவெச்சா அந்தச் சிவப்பு அடங்கி, வெளிர் மஞ்சள் நிறம் நிக்கும். அதுக்கப்புறம் எண்ணெய் தடவி உலர்த்துவாங்க. இந்த ஒரு படியைச் சுருக்கினா மெட்ராஸ் துறைமுகத்துல யாருக்கும் தெரியாது. கப்பல் ஏறி, இங்கிலாந்துல பூட்ஸ் தைக்கிறவர் கைக்குப் போன பிறகுதான் குட்டு வெளிப்படும். எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடமே இதுதான். தரம் கெடுறது பெரும்பாலும் இப்படித்தான் இல்லையா, விக்கிறவர் கண்ணுக்கு எட்டாத தூரத்துல?

இன்னொரு ஆசையும் இருந்தது. கிப்ஸ் எடை போட்டு விக்கிற சரக்கு. எடையைக் கூட்ட உப்பு, மண் வகைகளைத் தோல்ல ஏத்துற பழக்கம் மேல வியாபாரத்துல பழைய புகார் உண்டு. வாங்குறவர் அவசரத்துல இருக்கும்போது இது இன்னும் சுலபம். அதனால எண்ணிக்கைக்காக வாங்காம, தரம் பிரிச்சு, தரத்துக்கு ஏத்த விலை நிர்ணயிச்சு வாங்குறதுதான் அரசாங்கத்துக்கு இருந்த பிடி. நல்ல வேலை செய்யுற சின்ன தோல் ஷாப்புக்கும் அதுதான் பாதுகாப்பு.

கடுக்காய்லயும் இப்படித் தரம் உண்டு. பீமுனிப்பட்டினம் சரக்கு 'பீம்லி', அப்புறம் 'ஜபல்பூர்'னு ஊர் பேரிலேயே உலகச் சந்தையில விலை போச்சு. நல்லா காய்ஞ்சு கெட்டியா இருக்கணும், பூச்சி அரிச்சிருக்கக் கூடாது. அதைக் காட்டுல பொறுக்கிச் சுமந்தவங்க மலையாளி பழங்குடி மக்கள். (கேரளாவோட சேர்த்துக் குழப்பிக்க வேணாம், மலையை ஆள்பவர்ங்கிற பொருள்ல வந்த பேரு.) அப்போ கல்வராயன் ஜாகீர்தார்கள் கையில இருந்தது. அந்த ஜாகீர் முறை ஒழிஞ்சதே 1976லதான். லண்டன்ல கிப்ஸ் விலை ஏறினா, பொறுக்கினவங்க கூலியும் சேர்ந்து ஏறிடாது. நடுவுல ஜாகீர், குத்தகைதாரர், மண்டிக்காரர்னு எத்தனை கை!

போர் முடிஞ்சது. 1919இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டு, பதனிடும் தொழிலைக் காப்பாத்தப் பார்த்தாங்க. ஆனா 1920இல் சந்தை சரிஞ்சது. போர்க்காலத்துல அவசரமா முளைச்ச தோல் ஷாப்புகள் பல மூடிட்டாங்க. ஆவாரம்பட்டையோட இடத்தையும் அடுத்து வந்த வருஷங்கள்ல தென்னாப்பிரிக்காவிலேர்ந்து கப்பல்ல வந்த வேட்டில் பட்டை மெல்ல மெல்லப் பிடிச்சது. கடைசித் தொட்டியில மட்டும் கடுக்காய் அப்படியே ஊறிக்கிட்டிருந்தது.