ஒன்றும் நடக்காத வாரம்

விழுப்புரம் போகும் பாசஞ்சர் வண்டி முண்டியம்பாக்கத்தில் நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்காக, உண்மையில் படுத்துவிட்டது. பின்னால் வருகிற எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு வழி விட வேண்டுமாம். திண்டிவனத்தையும் விக்கிரவாண்டியையும் தாண்டி வந்தாயிற்று, அடுத்தது விழுப்புரம்தான் என்று மூட்டையைக் கீழே இறக்கி வைத்திருந்த பிரயாணிகள், அதை மறுபடியும் மேலே ஏற்றுவதா வேண்டாமா என்ற பெரிய யோசனையில் ஆழ்ந்தார்கள்.

முண்டியம்பாக்கம் சின்ன ஊர். ஆனாலும் அதற்கென்று சில பெருமைகள் உண்டு. சர்க்கரை ஆலை இருக்கிறது. அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்திலேயே, பனையபுரம் என்று இன்று வழங்கும் ஊரில், திருஞானசம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர்க் கோயில் இருக்கிறது. ரயில் ஜன்னல் வழியாகப் பார்ப்பவனுக்கு இவை ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் வெயில்தான்.

நான் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் இறங்கி, 1879-ல் போட்ட கிளைப் பாதையில் வேறு வண்டி பிடிக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு தொகுதியைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். அதைப் பிரித்து வைத்துக்கொண்டபோது, ஒரு கிழவி கூடையுடன் ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். கூடையில் வேகவைத்த மல்லாட்டை. மற்ற ஜில்லாக்காரர்கள் இதை வேர்க்கடலை என்பார்கள்; இந்தப் பக்கத்து மண்ணில் அப்படிச் சொன்னால் ருசி பாதியாகிவிடும்.

"என்னா தம்பி, அம்மாம் பெரிய புஸ்தவம்? கதையா?" என்று கேட்டாள்.

"கதையில்லை ஆயா. முந்நூறு வருஷத்துக்கு முன்னால புதுச்சேரியில ஒருத்தர் தினம் தினம் எழுதி வெச்ச குறிப்பு."

"தினம் எழுதுறாப்பல அப்படி என்னா நடந்துதாம்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் சரி. சரித்திரப் பேராசிரியர்களிடம் கேட்டிருந்தால் கர்நாடக யுத்தங்கள், துய்ப்ளேயின் ராஜதந்திரம் என்று மளமளவென்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் குறிப்பின் பெரும் பகுதியில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. கப்பல் வருகிறது, துணி விற்கிறது, கல்யாணம் நடக்கிறது, மனிதர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

பிள்ளையவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரிக்கு வந்து வியாபாரத்தில் உயர்ந்து, பிறகு பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாஷியானவர். 1736 செப்டம்பர் 6-ந் தேதி குறிப்பெழுதத் தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் எழுதினார். 'தினப்படிச் சேதிக் குறிப்பு' என்று அதற்குப் பெயர். அவர் காலத்துக்குப் பின் அது வீட்டோடு கிடந்தது. 1846-ல் கல்வா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. தமிழில் எழுதியதைத் தமிழன் ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்த விசித்திரம் அது. பின்னாளில் தமிழ் மூலமும் அச்சேறியது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களைப் படித்தவர்களுக்குப் பிள்ளையவர்கள் பழைய சிநேகிதர்.

அந்தக் கடற்கரைப் பட்டணத்தின் ஒரு வாரம் எப்படியிருந்திருக்கும்? பல வருஷத்துப் பக்கங்களிலிருந்து பொறுக்கி ஒரு வாரம் கட்டிப் பார்க்கிறேன். நாவலாசிரியனுக்கு இந்தச் சலுகையை வாசகர்கள் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரியில் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டு வருவது சலங்கு என்ற படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் நெளிந்து கொடுக்குமே தவிர உடையாது. கோட்டையில் பீரங்கி முழங்கும். எத்தனை குண்டு என்று பிள்ளை எண்ணி எழுதிவிடுவார். மரியாதைக்கு எத்தனை குண்டு என்பது அந்த ஊரில் சாமானிய விஷயமல்ல. கப்பலில் வெள்ளி வரும். 1736-ல் நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி பெற்ற பிறகு அந்த வெள்ளியைப் புதுச்சேரியிலேயே ரூபாயாக அடித்தார்கள்.

அந்த ரூபாய்தான் உள்நாட்டுக்குப் போயிற்று. கிராமத்து நெசவாளிக்கு முன்பணம். அவன் நெய்த துணி பட்டணத்துக்கு. செவ்வாய்க்கிழமையைத் துணிக்கு ஒதுக்கலாம். நெய்து வந்த துணியை விரித்துப் பார்த்து, இது சரி, இது மட்டம் என்று தள்ளி, வெளுக்கக் கொடுத்து, நீலம் தோய்த்து, மூட்டை கட்ட வேண்டும். ஐப்பசி பிறந்து வடகிழக்குக் காற்று எழும்புவதற்குள் கப்பல் புறப்பட்டாக வேண்டும். கலியாண வீட்டு அடுப்படி போல ஊரே பறக்கும்.

புதனன்று பிள்ளை காலையில் கவர்னர் மாளிகைக்குப் போவார். ஊர்ச் சமாசாரம் சொல்வார். மாலையில் தமது பாக்குக் கிடங்கில் வந்து உட்காருவார். பெரிய மனிதர் பாக்குக் கிடங்கில் உட்காருவதாவது என்று நினைக்க வேண்டாம். வியாபாரி, தூதன், கடன்காரன் எல்லோரும் வந்து போகும் இடம் அது. ஊரின் காது அங்கேதான் இருந்தது.

வியாழக்கிழமை விருந்து. அப்போது தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார், கிறிஸ்தவர். 1745-ல் உழவர்கரையில் மாதா கோயில் கட்டி, ஊரிலுள்ள எல்லா ஜாதியாரையும் அழைத்துப் பெரிய சாப்பாடு போட்டார். அவரவர் ஆசாரத்துக்குத் தக்கபடி தனித்தனிச் சமையல். துய்ப்ளே துரையும் வந்திருந்தார். பிள்ளை அத்தனையும் எழுதிவிட்டு, இது கிறிஸ்தவ விருந்து மாதிரியா இருந்தது என்ற தோரணையில் ஒரு குத்தும் குத்துகிறார். முதலியாருக்கும் அவருக்கும் உள்ள போட்டி நமக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு முதலியார் காலமானார். பின்னால் அந்தப் பதவி பிள்ளைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு சச்சரவு. அதே 1745-ல், அக்டோபர் மாதம். பட்டணத்து மாதா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. பறையர் வகுப்புக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம். தெய்வத்தின் முன் எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பாதிரியார் சுவரை இடிக்கச் செய்தார். ஊர் கொந்தளித்தது. கேட்டவர்கள் பெயரைப் பிள்ளை எழுதவில்லை. ஆனால் கேட்டார்கள் என்பதை எழுதியிருக்கிறார். அவர் அந்தப் பக்கத்து மனிதரல்ல. ஆனாலும் அன்று நடந்தது என்று எழுதி வைத்தார். அதனால்தான் அந்தக் கேள்வி நமக்குக் கேட்கிறது.

சனிக்கிழமையைச் சொல்ல மனம் வரவில்லை; சொல்லாமல் விடுவதும் தர்மமல்ல. ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து, ஒளித்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றியவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். 1743-ல் அப்படியொரு கூட்டம் அகப்பட்டதைக் குறிப்பு சொல்கிறது. திங்கட்கிழமை பீரங்கி முழங்க வந்த கப்பல், சனிக்கிழமை எதை ஏற்றிக்கொண்டு போயிற்று என்று நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியின் நீலத் துணிக்கு ஆப்பிரிக்கக் கரையில் நல்ல கிராக்கி. அங்கே அந்தத் துணிக்கு மாற்றாகவும் மனிதர்கள் விற்கப்பட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வதந்தி. ஆற்காட்டிலிருந்து கடிதம், செஞ்சியிலிருந்து சேதி. சில சமயம் வதந்திக்குப் பின்னாலேயே ஜனங்களும் வருவார்கள். 1740-ல் மராட்டியர் படையெடுத்து, தோஸ்த் அலி கான் போரில் மாண்டபோது, அவருடைய குடும்பமே புதுச்சேரி வாசலில் வந்து அடைக்கலம் கேட்டது.

வாரம் முடிந்தது. பெரிய யுத்தம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இந்த ஏழு நாளும் எத்தனை கைகளால் நடந்தன! அவற்றின் மதிப்பு அவை நின்றுபோனபோதுதான் தெரிந்தது.

1760-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை நிலத்திலும் கடலிலும் வளைத்துக்கொண்டார்கள். கப்பல் இல்லை, சரக்கு இல்லை, நெல் இல்லை. நவம்பர் 27-ந் தேதி பிரெஞ்சுத் தளபதி லாலி, இருக்கிற தானியத்தைச் சிப்பாய்களுக்கு மிச்சப்படுத்த, ஊர் ஜனங்களில் சுமார் 1,400 பேரை வெளியே துரத்தினார். முற்றுகையிட்டவர்கள் அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. திரும்பி வந்தால் கோட்டை திறக்கவில்லை. ஆண், பெண், குழந்தை எல்லோரும் இரண்டு படைகளுக்கும் நடுவில் எட்டு நாள் கிடந்தார்கள். புல்லின் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். கடைசியில் ஆங்கிலத் தளபதி கூட் மனமிரங்கி வழிவிட்டார். அந்தக் கூட்டத்தில் சலங்கு தள்ளியவர்களும், துணி வெளுத்தவர்களும், மூட்டை கட்டியவர்களும் இருந்திருக்கத்தானே வேண்டும்? அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

1761 புத்தாண்டு இரவில் பெரும் புயல் அடித்தது. ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கின. மாலுமிகள் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். முற்றுகைக்குள் பட்டினி கிடந்தவர்கள், இனிக் கடல் வழியாக அரிசி வரும் என்று நம்பியிருப்பார்கள். வரவில்லை. ஒரு வாரத்துக்குள் வேறு கப்பல்கள் வந்து கடலை அடைத்தன. ஜனவரி 16-ந் தேதி கோட்டை பணிந்தது. பிள்ளையவர்கள் நோயால் இறந்ததும் அந்த மாதத்திலேதான். பிறகு வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மாளிகை போயிற்று. பாக்குக் கிடங்கில் பேசிய பேச்சு காகிதத்தில் நின்றது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. என் தகப்பனார் தினமும் இரவில் ஒரு நோட்டில் கணக்கெழுதுவார். கணக்கோடு ஒரு வரியும் இருக்கும்: பசு கன்று ஈன்றது, கிணற்றில் தண்ணீர் இறங்கியது, அத்தை கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாள். அவர் காலமானபின் வீட்டை ஒழித்தபோது, முப்பது வருஷத்து நோட்டுகளை நான்தான் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டேன். புரட்டிப் பார்த்தேன்; ஒன்றும் இல்லை என்று தோன்றியது. சரித்திர நாவலுக்கு ஊர் ஊராய்த் தகவல் தேடி அலைகிறவன் செய்த காரியம் இது!

எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போயிற்று. எங்கள் வண்டியும் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

"என்னா தம்பி, கேட்டதுக்குப் பதிலே இல்லியே?" என்றாள் கிழவி.

"கப்பல் வந்ததாம், துணி வித்ததாம், சண்டை போட்டுக்கிட்டாங்களாம், ஆயா."

"அட, இதான்டா சேதின்னு எழுதி வெச்சிருக்காரா? என் ஒரு வாரத்தைச் சொன்னா உனுக்கு நாலு நோட்டு பத்தாது!"

"சொல்லுங்க ஆயா" என்றேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கம் வெற்றுப் பக்கமாக இருந்தது. பேனாவை எடுத்தேன். விழுப்புரம் வருவதற்குள் அவள் செவ்வாய்க்கிழமை வரைக்கும் வந்துவிட்டாள்.