ஊராட்சித் தொட்டியில் தொடங்கும் நோய்த்தடுப்பு

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கிணறுகளில் கடல்நீர் புகுந்திருந்தது. முகாம்களில் காலூன்ற இடமில்லை. அலைக்குத் தப்பியவர்களைக் காலரா கொண்டுபோய்விடும் என்ற அச்சம் எங்கும் இருந்தது. கடலூர்ப் பகுதியில் தட்டம்மை தலைகாட்டியது உண்மைதான். ஆனால் காலரா கொள்ளைநோயாகக் கிளம்பவில்லை.

பல மாவட்டங்களிலிருந்து கடற்கரைக்கு விரைந்த சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கே புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரில் குளோரின் கலப்பதும், கழிவை அகற்றுவதும், காய்ச்சல்காரர்களைத் தேடிப்போய்க் கணக்கெடுப்பதும் அவர்களுக்கு அன்றாட வேலை. அதையே பல மடங்கு வேகத்தில் செய்தார்கள். அதற்கான வேர் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது. நோய் தீர்க்கும் மருத்துவமனைகளுக்கு அப்பால், நோய் வராமல் காக்கவென்றே தனி இயக்குநரகத்தையும் தனிப் பணியாளர் அணியையும் தமிழகம் பேணிவருகிறது. நம் மாநிலத்தின் மிகப் பெரிய சொத்துகளுள் ஒன்று அது என்பேன்.

அந்த அணியின் கடைசிக் கண்ணி, மேல்நிலைத் தொட்டியில் ஏறும் ஊராட்சி ஆபரேட்டர். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் போட்டுக் கூழாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளியவிட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்தே குழாயைத் திறக்கலாம். தெருக்கோடிக் குழாயில் பிடித்த தண்ணீரில் சோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் காட்ட வேண்டும். தொட்டியடியில் காட்டி, கோடியில் காட்டாவிட்டால், வழியில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறதா என்று தேட வேண்டும். வயிற்றுப்போக்கு ஊருக்குள் நுழையும் முன்பே அதன் வழியைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இது. இதைச் செய்கிறவருக்கு நாம் தரும் ஊதியமோ வெட்கப்படத்தக்க அளவில் குறைவு.

செவிலியரின் பதிவேடும் அப்படித்தான். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீரப்போகிறது என்பதெல்லாம் அவர் கைக்குள். புயல் எச்சரிக்கை வந்ததும் பேறுகாலம் நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனைக்கு மாற்ற முடிவது அந்தப் பதிவேட்டால்தான். அவரது இடம் காலியாகக் கிடக்கும் ஊரில் அந்தப் பட்டியலை வேறு எவரும் ஒரே இரவில் எழுதிவிட முடியாது.

ஆகவே ஊராட்சித் தலைவர்களிடம் கேட்பது பெரிதல்ல. ஐப்பசி மழைக்கு முன் கிராமசபையில் தொட்டி கழுவிய தேதியைக் கேளுங்கள். செவிலியர் பணியிடம் காலியென்றால் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்து பாருங்கள்: ஈரம்பட்டுக் கட்டிதட்டி, வாடை போயிருந்தால் வீரியம் குறைந்துவிட்டது என்று பொருள். அதை ஒதுக்கிவிட்டு, வெள்ளம் சாலையை மறிக்கும் முன் புது மூட்டையை வாங்கி, ஈரமில்லாத அறையில் மரப்பலகை மேல் அடுக்குங்கள்.