ஒருமுறை எழுதி ஊரெல்லாம் ஓட்டிய கதை

ஆண்ட்ராய்டில் ஓடும் ஆப் ஐபோனிலும் மடிக்கணினியிலும் அச்சு அசலாக அப்படியே ஓட வேண்டும் என்று இன்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். இந்த ஆசைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1950களில் ஒரு கம்பெனியின் கணினிக்கு எழுதிய நிரல் அடுத்த கம்பெனியின் கணினியில் செல்லாக்காசு. கணினியை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அந்தச் செலவைக் குறைக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறை போட்டிக் கம்பெனிகளை ஒரே மேசையில் உட்காரவைத்தது. அப்படிப் பிறந்த மொழி கோபோல். 1960 டிசம்பர் 6, 7 தேதிகளில், சிற்சில மாற்றங்களோடு ஒரே கோபோல் நிரல் ஆர்சிஏ கணினியிலும் யூனிவாக் கணினியிலும் ஓடிக் காட்டியது.

அந்தச் சிற்சில மாற்றங்கள் இந்தியாவுக்குச் சோறு போட்டன. பரோஸ் கம்பெனியின் நடுத்தரக் கணினிக்காகக் கோபோலில் எழுதிய மருத்துவமனை மென்பொருள், அதே கம்பெனியின் சிறிய கணினிக்குப் போக வேண்டியிருந்தது. மொழியும் ஒன்று, கம்பெனியும் ஒன்று; ஆனாலும் தானாகப் போகவில்லை. 1974இல் அந்த வேலை பம்பாயிலிருந்த டிசிஎஸ்ஸுக்கு வந்தது. அவர்கள் அதை முடித்ததோ ஐசிஎல் 1903 என்ற வேறொரு கம்பெனிக் கணினியில்! டிசிஎஸ்ஸின் முதல் மென்பொருள் ஏற்றுமதி அதுதான். கோபோல் கொடுத்த வாக்கை முழுதாகக் காப்பாற்றியிருந்தால் அந்த ஆர்டரே வந்திருக்காது.

அதே பத்தாண்டில் சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கென்னத் பவுல்ஸ் வேறு வழியில் போனார். இல்லாத கணினி ஒன்றைக் கற்பனை செய்து, பாஸ்கல் நிரல்களை அதன் கட்டளைகளாக மாற்றினார். அந்தக் கட்டளைகளைப் படித்து நடத்தும் சிறு நிரலை மட்டும் ஒவ்வொரு நிஜக் கணினிக்கும் தனித்தனியாக எழுதினால் போதும். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது, வாங்குபவர் தேர்ந்தெடுக்கக் கூடிய மூன்று இயங்குதளங்களில் இந்த முறையில் அமைந்ததும் ஒன்று. ஆனால் வேகம் குறைவு, விலை அதிகம். அந்த மூன்றில் மலிவான டாஸ் ஜெயித்தது.

யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது. ஜேம்ஸ் கோஸ்லிங் மாணவராக இருந்தபோது, பெர்க் என்ற கணினியின் கட்டளைகளை வேக்ஸ் கணினிக்கு மொழிபெயர்க்கும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். 1991இல் சன் நிறுவனத்தில் வீட்டுச் சாதனங்களுக்காக மொழி ஒன்றை உருவாக்க உட்கார்ந்தபோது அந்த அனுபவமும் கற்பனைக் கணினி யோசனையும் கைகொடுத்தன. தொலைக்காட்சிப் பெட்டிக்காரர்கள் யாரும் அதைச் சீண்டவில்லை. அந்த நேரம் பார்த்து இணையம் பரவ, 1995இல் ஜாவா என்ற பெயரில் அது பிரவுசரில் ஏறி உலகம் சுற்றியது. ‘ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு’ என்றது சன். ‘ஒருமுறை எழுது, எங்கும் பிழை தேடு’ என்றார்கள் எழுதியவர்கள். மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும் சரக்குகளைச் சேர்த்துத் தனக்கென ஒரு ஜாவாவை விற்றது. 1997இல் சன் வழக்குப் போட, 2001இல் இரண்டு கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

அந்த 2001இல்தான் பெங்களூர் தன் பதிலைக் காட்டியது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர், லினக்ஸில் ஓடும் கைக்கணினி. வடிவமைப்பை உரிமம் வாங்கி எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம். யார் தயாரித்தாலும் உள்ளடக்கம் ஓட வேண்டும் என்பதற்காக ஐஎம்எல் என்ற குறிமொழியை வகுத்தார்கள். ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு என்பது திட்டம்: கார்டைச் செருகினால் அவரவர் விவரம் திரையில் வரும். 2004இல் பிகோபெட்டா என்ற கம்பெனியின் அமிடா சிம்ப்யூட்டரைப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. கையைச் சற்று அசைத்தால் பக்கம் புரளும். ஐபோனுக்கு மூன்றாண்டு முன்பு இது! விற்றதோ சில ஆயிரம்தான்.

பிறகு அதே ஊரின் வணிகர்கள் இந்தச் சிக்கலில் மாட்டினார்கள். 2015 மே மாதம் ஆன்லைன் கடையான மிந்த்ரா தன் இணையதளத்தை மூடி, ஆப் மட்டும் போதும் என்றது. அடுத்த ஆண்டே தளத்தைத் திரும்பத் திறந்தது. 2015 நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் வந்தது. அது வெறும் இணையப் பக்கம்தான். ஆனால் ஆப் போல முகப்பில் உட்காரும், நெட் போனாலும் திறக்கும். அதற்கு ஆதாரமான சர்வீஸ் வொர்க்கர் என்ற நுட்பம் ஐபோனின் சஃபாரிக்கு 2018 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை அப்படி எழுதிய பக்கம் ஆண்ட்ராய்டில் பாதி ஆப், ஐபோனில் வெறும் பக்கம்.

தமிழும் இதில் அடிபட்டது. ‘கொ’ என்று தட்டினால் நினைவகத்தில் முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி. திரையிலோ கொம்பு முன்னால், கால் பின்னால் நிற்க வேண்டும். அந்த இடமாற்றம் தெரியாத ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் எழுத்து சிதறியது, அல்லது கட்டம் கட்டமாக வந்தது. ஆப் எழுதியவர் மேல் ஒரு தவறும் இல்லை.

ஒரே நிரலிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆப் தரும், 2018இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட கூகுளின் ஃபிளட்டர், பட்டனைக்கூடக் கருவியிடம் கேட்காமல் தானே வரைந்துகொள்கிறது. அப்படியும் ஐபோனில் சில அசைவுகள் முதல்முறை திக்கின. வரையும் எஞ்சினையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆக, எங்கும் ஒரே மாதிரி ஓடுகிறதா? வட்டிக் கணக்கு, கூடையில் இருக்கும் பொருளின் மொத்தம், ஆர்டர் நிலவரம் ஆகியவை பெரும்பாலும் ஓடுகின்றன. எழுத்து, விரல், கேமரா, பேட்டரி, அறிவிப்பு என்று கருவியைத் தொடும் இடமெல்லாம் வேறாகின்றன. ஒரே நிரல் என்பதால் எழுதும் கூலி மிச்சமாகும். சோதிக்கும் கூலி அப்படியே நிற்கும். ஆப் தயாரிக்க விலை கேட்பவர்கள், எந்தெந்தப் போன்களில் ஓட்டிப் பார்ப்பீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.